பழைய பேஜே திரும்பத் திரும்ப வருதா? எல்லாத்தையும் அழிக்கறதுக்கு முன்னாடி இதைச் செஞ்சு பாருங்க

சைட்டை மாத்தியாச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க, உங்க ஸ்க்ரீன்ல மட்டும் பழசே நிக்குது, இல்ல டிசைன் போய் வெறும் எழுத்தா கொட்டிக் கிடக்குதுன்னா பெரும்பாலும் கேஷ் (cache, பிரவுசர் சேமிச்சு வச்சிருக்கற நகல்) பண்ற வேலைதான். ஒரு தடவை இறக்கின படம், சிஎஸ்எஸ் (பேஜோட டிசைன் ஃபைல்), ஜாவாஸ்க்ரிப்ட் எல்லாத்தையும் பிரவுசர் உங்க மெஷின்லயே வச்சுக்கிட்டு அடுத்த தடவை அதையே எடுத்துப் போடும், வேகத்துக்காகத்தான். புது எச்டிஎம்எல்லோட (பேஜோட உள்ளடக்கம் இருக்கற ஃபைல்) பழைய சிஎஸ்எஸ் ஜோடி சேர்ந்தா பேஜ் கோணலாத்தான் வரும்.

உடனே எல்லாத்தையும் மொத்தமா அழிச்சுடாதீங்க, அப்புறம் ஒவ்வொரு சைட்லயும் லாகின் பண்ணிக்கிட்டு, மறந்துபோன பாஸ்வேர்டைத் தேடிக்கிட்டு உட்காரணும். முதல்ல அதே அட்ரஸை இன்காக்னிட்டோல, அதாவது பிரைவேட் விண்டோல திறங்க. அங்க சரியா வந்தா உங்க பிரவுசர்ல தேங்கி நிக்கற பழசுதான் காரணம், இல்லன்னா ஏதாவது எக்ஸ்டென்ஷன். அங்கயும் பழசே வந்தா, வேற நெட்ல மொபைல்ல பாருங்க, அதுலயும் அப்படியேன்னா சர்வர்லயோ சிடிஎன்லயோதான் (சைட்டோட நகலைப் பல ஊர்ல வச்சுக் கொடுக்கற சர்வர்கள்) பழசு உட்கார்ந்திருக்கு, நீங்க எத்தனை தடவை அழிச்சாலும் ஒண்ணும் ஆகாது.

உங்க பக்கம்தான்னு தெரிஞ்சா கன்ட்ரோல் ஷிஃப்ட் ஆர் அடிங்க, மேக்ல கமாண்ட் ஷிஃப்ட் ஆர், சஃபாரின்னா ஆப்ஷன் கமாண்ட் ஆர். சும்மா ரீலோட் பண்றதுக்கும் இதுக்கும் வித்தியாசம் உண்டு, இது கேஷைத் தொடாம எல்லாத்தையும் சர்வர்லேர்ந்தே புதுசா கேக்கும். பாதி கேஸ் இதுலயே முடிஞ்சுரும்.

முடியலையா, கன்ட்ரோல் ஷிஃப்ட் டிலீட். வர்ற பாக்ஸ்ல குக்கீ (உங்க லாகினை ஞாபகம் வச்சுக்கற சின்ன ஃபைல்) டிக்கை எடுத்துட்டு, கேஷ் பண்ண படங்கள், ஃபைல்கள் மட்டும் விடுங்க. நிறைய பேர் கோட்டை விடறது டைம் ரேஞ்ச்லதான், கடைசி ஒரு மணி நேரம்னு இருந்தா போன வாரம் சேர்ந்த ஃபைல் அப்படியே இருக்கும், ஆல் டைம் போடுங்க.

டூ மெனி ரீடைரக்ட்ஸ்னோ (சைட் வேற அட்ரஸுக்குத் திரும்பத் திரும்பத் தள்ளிவிடுதுன்னு அர்த்தம்), குக்கீ பெருசா இருக்குன்னு 400 எர்ரரோ வந்தா கதை வேற, அது குக்கீ பிரச்சனை. அட்ரஸ் பார் இடது ஓரத்து ஐகானைத் தட்டி அந்த ஒரு சைட்டோட டேட்டாவை மட்டும் அழிங்க, அங்க மட்டும் லாகவுட் ஆகும், பரவால்ல.

சைட் உங்களோடதுன்னா எஃப்12 அடிச்சு நெட்வொர்க் டேப்ல டிசேபிள் கேஷ் டிக் பண்ணிக்கோங்க, அந்த பேனல் திறந்திருக்கற வரைக்கும்தான் வேலை செய்யும். இது தெரியாம ஒரு தடவை அரை நாள் சிஎஸ்எஸ்ஸை மாத்தி மாத்தி எழுதினேன், முதல்ல எழுதினதே சரியாத்தான் இருந்துச்சு! அதுக்கும் மசியலன்னா அப்ளிகேஷன் டேப்ல சர்வீஸ் வொர்க்கர் (சைட்டுக்காக பிரவுசர்ல பின்னணில ஓடற ஸ்க்ரிப்ட்) இருக்கான்னு பாருங்க, அது தனக்குன்னு ஒரு கேஷ் வச்சிருக்கும், அன்ரெஜிஸ்டர் பண்ணிட்டு கேஷ் ஸ்டோரேஜையும் காலி பண்ணணும். 301, அதாவது நிரந்தர ரீடைரக்டையும் பிரவுசர் ஞாபகம் வச்சுக்கும், டெஸ்ட் பண்ணும்போது தற்காலிகமான 302 போடுங்க.

இன்னொண்ணு, சர்வர் ஃபைலோட அனுப்பற கேஷ்-கன்ட்ரோல் ஹெடர்ல நோ-கேஷ்னா சேமிக்காதேன்னு அர்த்தம் இல்ல, சேமிச்சுக்கோ ஆனா ஒவ்வொரு தடவையும் சர்வர்கிட்ட கேட்டுட்டுக் காட்டுன்னு அர்த்தம். சேமிக்கவே கூடாதுன்னா நோ-ஸ்டோர். எச்டிஎம்எல்லுக்கு நோ-கேஷ் வச்சுட்டு, சிஎஸ்எஸ், ஸ்க்ரிப்ட் ஃபைல் பேர்லயே வெர்ஷனைச் சேர்த்துட்டீங்கன்னா அந்த ஃபைலுக்கு மேக்ஸ்-ஏஜ் (எத்தனை வினாடி வச்சுக்கலாம்) 31536000, அதாவது ஒரு வருஷம் தைரியமா போடலாம், பேர் மாறினாலே பிரவுசர் புதுசா இறக்கிக்கும்.