தார் எஸ் சலாமுக்குப் புதிதா? மலேரியா மாத்திரையோடு என்ன சாப்பிடலாம்

தான்சானியாவின் தார் எஸ் சலாமில் வந்து இறங்குகிற நம்மவர்களிடம் நான் முதலில் கேட்பது, கொசுவலை கட்டியாயிற்றா என்றுதான். அதற்கு அடுத்த விஷயத்தைப் பலருக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. மலேரியா வந்தால் என்ன சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுவது என்பதுதான் அது.

நம் வீட்டு வழக்கம் தெரிந்ததே. காய்ச்சல் என்றால் எண்ணெய் கூடாது. கஞ்சி, ரசம், கொஞ்சம் பழச்சாறு. இங்கே மலேரியாவுக்குத் தரும் மாத்திரைக்கு இந்தப் பத்தியம் ஒத்துவராது. ஆர்டிமீத்தரும் லூமிஃபேன்ட்ரினும் சேர்ந்த கூட்டு மாத்திரை அது. ஊர்க்காரர்கள் ‘டாவா ம்செட்டோ’ என்பார்கள், கலப்பு மருந்து என்று அர்த்தம். கோஆர்டெம் என்ற பெயரிலும் கிடைக்கும். லூமிஃபேன்ட்ரின் கொழுப்பில்தான் கரையும். வெறும் வயிற்றில் போடுவதைவிட, கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் 16 மடங்கு வரை அதிகமாக உடம்பில் சேர்வதாக ஆய்வில் தெரிந்திருக்கிறது. வெறும் கஞ்சியோடு போட்டால் காய்ச்சல் விட்டது போலத்தான் இருக்கும். மிச்சமிருக்கும் கிருமி சில வாரத்தில் மறுபடி தலைதூக்கலாம்.

இதற்காகப் பிரியாணி தேட வேண்டியதில்லை. ஒரு டம்ளர் கொழுப்பு நீக்காத பால் போதும். பால் இறங்கவில்லை என்றால் பராச்சிச்சி வாங்குங்கள், நாம் அவகாடோ என்கிற வெண்ணெய்ப் பழம். கிசுட்டு சந்தையிலும் கிடைக்கும், தெருமுனைத் தள்ளுவண்டியிலும் கிடைக்கும். 100 கிராம் சதையில் சுமார் 15 கிராம் கொழுப்பு இருக்கிறது. உப்புப் போட்டு மசித்து, நாலு வாய் சாப்பிட்டுவிட்டு மாத்திரையை விழுங்கலாம். கஞ்சிதான் வேண்டும் என்றால் அதில் தேங்காய்ப்பால் ஊற்றிக்கொள்ளுங்கள். சைக்கிளில் விற்கும் மடாஃபு, அதாவது இளநீர், உடம்பின் நீர்ச்சத்துக்கு நல்லதுதான். ஆனால் அதில் கொழுப்பு கிட்டத்தட்டக் கிடையாது, இந்த மாத்திரைக்குத் துணையாகாது.

தள்ளிவைக்க வேண்டிய பழம் ஒன்று உண்டு. ஸ்வாஹிலியில் பலுங்கி, ஆங்கிலப் பெயர் கிரேப்ஃப்ரூட். பெயரைக் கேட்டுத் திராட்சை என்று நினைத்துவிடாதீர்கள். ஆரஞ்சைவிடப் பெரியது, மஞ்சள் தோல், கசப்பு கலந்த புளிப்பு. நம் குடல் சுவரில் மருந்துகளைச் சிதைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. இந்தப் பழத்தின் சாறு அதை முடக்கிவிடும். விளைவு, இரத்தத்தில் ஆர்டிமீத்தர் சுமார் இரண்டு மடங்காகிறது. கூடினால் நல்லதுதானே என்று தோன்றும். இந்த மாத்திரை இதயத்துடிப்பின் லயத்தையும் கொஞ்சம் பாதிக்கக்கூடியது என்பதால், அளவு கூடுவது ஆபத்தாகலாம். காலையில் சாறு, இரவில் மாத்திரை என்று இடைவெளி விடுவதும் பயன்படாது. சாற்றின் வேலை ஒரு நாளுக்கு மேலும் நீடிக்கும். பம்பளிமாஸிலும் அதே வகைப் பொருள் இருப்பதால் அதையும் விட்டுவிடுங்கள். சாதாரண ஆரஞ்சு, மாம்பழம், வாழைப்பழம், பப்பாளி எல்லாம் தாராளமாகச் சாப்பிடலாம். மிக்ஸ் ஜூஸ் வாங்கும்போது மட்டும் என்னென்ன சேர்த்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

அப்புறம் உக்வாஜு, நம் புளி. இங்கே அதைச் சாறாகவே குடிப்பார்கள், அருமையாக இருக்கும். சூடான் நாட்டுப் பானங்களைப் பற்றி 1994-இல் வெளியான ஒரு ஆய்வில், புளிச்சாறு, எலுமிச்சைச் சாறு, அங்கே கர்க்கடே என்னும் செம்பருத்தி பானம், மூன்றுமே குளோரோகுயின் என்ற பழைய மலேரியா மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைத்தன. நம் ஊரில் டாக்டர் சொல்லிக் குளோரோகுயின் சாப்பிடுபவர்கள் அதை இந்தச் சாறுகளோடு இல்லாமல் தண்ணீரோடு விழுங்குவதே நல்லது. ஆனால் பெட்டியில் கொண்டுவந்த குளோரோகுயின் அட்டையை இங்கே நம்பவே வேண்டாம். இங்குள்ள கிருமி அதற்கு அடங்காது; தான்சானியா 2001-லேயே அதைக் கைவிட்டுவிட்டது.

பேரக்குழந்தையைப் பார்க்க அப்பா அம்மா வந்தால் கதை வேறு, அவர்களுக்குத் தடுப்பு மாத்திரை எழுதித் தந்திருப்பார்கள். அடோவாகுவோன்-ப்ரோகுவானில் என்றால் பாலோடோ சாப்பாட்டோடோ போட வேண்டும். டாக்சிசைக்ளின் என்றால் பாலும் தயிரும் அதே நேரத்தில் கூடாது, கால்சியம் அதைப் பிடித்துக்கொள்ளும். அட்டையில் என்ன பெயர் என்று நீங்களே ஒருமுறை பாருங்கள், ஒரே வீட்டில் இரண்டும் இருக்கலாம். பெரியவர்கள் பிரஷருக்கோ கொழுப்புக்கோ மாத்திரை சாப்பிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அவற்றில் சிலவற்றுக்கும் பலுங்கி ஆகாது.

ம்செட்டோ அட்டையில் 20/120 மில்லிகிராம் என்று இருந்தால் பெரியவர்களுக்கு ஒரு வேளைக்கு நாலு மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை. இரண்டாவது வேளை முதல் வேளைக்கு எட்டு மணி நேரம் கழித்து வரும். நடுராத்திரி என்றாலும் அலாரம் வைத்து எழுந்து, பக்கத்தில் எடுத்து வைத்த பாலோடு போடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வாந்தி எடுத்தால் அந்த வேளையைத் திரும்பப் போட வேண்டும். மறுபடியும் வாந்தி என்றாலோ, ஆள் மயங்கினாலோ, பேச்சு குழறினாலோ, எது சாப்பிடுவது என்று யோசித்துக்கொண்டு வீட்டில் இருக்காதீர்கள். ஊசி மருந்து தேவைப்படும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.