காலவரிசையில் கம்போடியா: எட்டு நாள் மரபுப் பயணத்தைத் திட்டமிடுவது எப்படி?

கம்போடியாவுக்குச் செல்லும் நம்மவர்களில் பெரும்பாலோர் சியெம் ரீப் நகரில் இறங்கி, மறுநாள் பொழுது விடிவதற்கு முன்பே அங்கோர் வாட்டின் குளக்கரையில் போய் நிற்கிறார்கள். முதல் முறை சென்றபோது நானும் அதையே செய்தேன். அதன் பிறகு பார்த்தவை எல்லாம் அதைவிடச் சிறியவையாகவும் சிதைந்தவையாகவுமே கண்ணில் பட்டன. கடைசி நாளில் சென்ற சம்போர் பிரேய் குக் என்ற பழைய கோயில் நகரம், காட்டுக்குள் கிடக்கும் செங்கல் குவியலாகத் தோன்றியது. இரண்டாம் முறை அதே இடங்களைக் கட்டப்பட்ட கால வரிசையில் பார்த்தேன். 7ஆம் நூற்றாண்டின் செங்கல் அறைகளில் தொடங்கிய கெமர் மக்களின் கோயிற்கலை, 12ஆம் நூற்றாண்டில் 65 மீட்டர் உயர மணற்கல் கோபுரமாக எப்படி எழுந்தது என்பது அப்போதுதான் விளங்கியது. ஆகவே தலைநகர் புனோம் பென்னில் இறங்கி, சியெம் ரீப்பிலிருந்து திரும்பும்படி விமானச் சீட்டை எடுங்கள். அங்கோர் வாட்டை ஆறாம் நாளுக்கு வையுங்கள்.

புறப்படும் முன் இன்னொன்றையும் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அங்கோர் வாட்டைத் தமிழ் மன்னன் ஒருவன் கட்டினான் என்று நம்மிடையே அடிக்கடி பகிரப்படும் செய்தி உண்மையல்ல. அதைக் கட்டுவித்தவன் கெமர் அரசனான இரண்டாம் சூரியவர்மன். கட்டியவர்கள் கெமர் மக்கள். தொடர்புகள் இருந்தன என்பது உண்மை: கெமர் எழுத்து பல்லவர் கால எழுத்திலிருந்து கிளைத்தது, காம்போஜ அரசன் அனுப்பிய கல் ஒன்றைப் பற்றி முதலாம் குலோத்துங்கன் காலத்துச் சிதம்பரம் கல்வெட்டு பேசுகிறது. ஆனால் அது இரண்டு வலிமையான நாகரிகங்களுக்கு இடையிலான உறவு. நமக்குத் தெரிந்த கதைகளை அவர்கள் எந்த இடத்தில் வேறுவிதமாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று தேடிப் பார்க்கும் மனத்தோடு சென்றால், அந்தச் சிற்பங்கள் இரு மடங்கு பேசும்.

முன்னேற்பாடுகள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரையிலான மாதங்களே ஏற்றவை. மார்ச்சிலிருந்து மே வரை வெயில் கடுமையாக இருக்கும். மழைக்காலத்தில் கூட்டம் குறைவு, அகழிகளும் நிறைந்திருக்கும். ஆனால் படிகள் வழுக்கும். ஏப்ரல் நடுவில் வரும் கெமர் புத்தாண்டின்போது உள்ளூர் மக்களே பெருந்திரளாகக் கோயில்களுக்கு வருவதால், அந்த நாள்களை வேண்டுமென்றே தேர்ந்தெடுப்பவர்களும் உண்டு.

விசாவை அரசின் இணையதளத்தில் மட்டும் எடுங்கள். அதைப் போலவே தோற்றமளித்துக் கூடுதல் கட்டணம் வாங்கும் தளங்கள் பல உள்ளன. ரியெல் உள்நாட்டு நாணயம் என்றாலும் அமெரிக்க டாலர் எங்கும் செல்லும். ஆனால் ஓரத்தில் சிறு கிழிசல் இருந்தாலும் டாலர் தாளை வாங்க மறுத்துவிடுவார்கள் என்பதால், புதிய தாள்களாக, அதிலும் 1, 5, 10 டாலர் தாள்களாகக் கொண்டு செல்லுங்கள். தோளையும் முழங்காலையும் மறைக்கும் உடை இருபாலருக்கும் கட்டாயம்; சால்வையை மேலே போர்த்திக்கொண்டால் போதும் என்பதை எல்லா இடங்களிலும் ஏற்பதில்லை.

அங்கோர் நுழைவுச் சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாள்களுக்கு 62, ஏழு நாள்களுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாள்களுக்குள்ளும், ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள்ளும் பிரித்துப் பயன்படுத்தலாம். பத்து டாலர் மட்டுமே கூடுதல் என்பதால் ஏழு நாள் சீட்டையே பரிந்துரைக்கிறேன். ஒரு கோயிலை மாலை வெளிச்சத்தில் மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றினால், நாள் கணக்குப் பார்க்காமல் போய் வரலாம். 12 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குச் சீட்டு வேண்டாம். வயதைக் காட்டக் கடவுச்சீட்டு வேண்டும்.

முதல் இரண்டு நாள்கள்: புனோம் பென்

1920இல் திறக்கப்பட்ட தேசிய அருங்காட்சியகத்துக்கு ஒரு முழு முற்பகலை ஒதுக்குங்கள். கோயில்களில் இருந்த சிலைகளில் சிறந்தவை பல இங்கேதான் இருக்கின்றன; இவற்றைப் பார்க்காமல் நேரே கோயில்களுக்குப் போனால் வெறும் பீடங்களையே காண்பீர்கள். புனோம் தா குன்றிலிருந்து வந்த எட்டுக் கை விஷ்ணுவில் தொடங்குங்கள். பிறகு கோ கெர் என்ற பழைய தலைநகரின் கோயில் ஒன்றிலிருந்து வந்த சிலைகளுக்கு வாருங்கள். வாலியும் சுக்கிரீவனும் ஒருவரையொருவர் பற்றி மல்லுக்கு நிற்கும் சிலையில், கல்லுக்குள் தசை இறுகுவதைக் காணலாம். அதே கோயிலைச் சேர்ந்த துரியோதனன் சிலை, உள்நாட்டுப் போர்க் காலத்தில் கணுக்காலோடு வெட்டிக் கடத்தப்பட்டு, அமெரிக்க ஏல நிறுவனம் ஒன்றின் வழியே விற்பனைக்கு வந்து, 2014இல் நாடு திரும்பியது. வெட்டியவர்கள் பாதங்களைப் பீடத்திலேயே விட்டுச் சென்றிருந்தார்கள்; அந்தப் பாதங்களே சிலை எங்கிருந்து போனது என்பதற்குச் சான்றாயின.

இரண்டாம் நாள் காலை துவோல் ஸ்லெங் அருங்காட்சியகம். 1975 முதல் 1979 வரை கெமர் ரூஜ் எனும் கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் சிறையாக்கப்பட்ட பள்ளிக்கூடம் அது. குழந்தைகளை அழைத்துச் செல்ல வேண்டாம். மரபைப் பார்க்க வந்த இடத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்பதுண்டு. நடனக் கலைஞர்களும் இசைக் கலைஞர்களும் பெரும் எண்ணிக்கையில் அந்த ஆண்டுகளில் அழிந்தார்கள். எஞ்சிய சிலரின் நினைவிலிருந்தே அரசவை நடனம் மீட்டெடுக்கப்பட்டது. இதை அறிந்தபின் சியெம் ரீப்பில் அப்சரா நடனம் பார்க்கும் கண் வேறாக இருக்கும். பிற்பகலில் காரிலோ வேனிலோ கம்போங் தோம் நகருக்குப் புறப்படுங்கள். ஏறத்தாழ 165 கிலோமீட்டர். இரவு அங்கேயே தங்குங்கள்.

மூன்றாம் நாள்: சம்போர் பிரேய் குக்

கம்போங் தோமிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் வடக்கே உள்ள இந்தக் காட்டுப் பகுதிதான் கெமர் அரசன் ஈசானவர்மனின் தலைநகரான ஈசானபுரம். 2017இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. எண்கோண வடிவச் செங்கல் கோயில்களின் வெளிச்சுவரில், பறக்கும் உருவங்கள் தாங்கி நிற்பதுபோல் சிறு மாளிகைகள் செதுக்கப்பட்டிருப்பதை நெருங்கிப் பாருங்கள். மரவேர்கள் முழுவதுமாகப் போர்த்திய கோயில் ஒன்றும் இங்கு உண்டு. அங்கோரின் தா புரோம் கோயிலில் காணும் நெரிசல் இல்லாமல் அதன் முன் எவ்வளவு நேரமும் நிற்கலாம். உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்திக்கொள்ளுங்கள். கிராமத்துக்கு அது நேரடி வருமானம். சியெம் ரீப் செல்லும் வழியில் கம்போங் க்டே என்ற ஊரில், நாகக் கைப்பிடிச் சுவர்களோடு நிற்கும் பழைய செம்புரைக்கல் பாலத்தில் இறங்கிப் பத்து நிமிடம் நடக்கலாம்.

நான்காம், ஐந்தாம் நாள்கள்: ரோலுவோஸும் பாந்தே ஸ்ரேயும்

நான்காம் நாள் நிதானமாகத் தொடங்கட்டும். சியெம் ரீப் நகரிலிருந்து 13 கிலோமீட்டரில் உள்ள ரோலுவோஸ் கோயில்களுக்கு ஒரு பிற்பகல் போதும். 881இல் நிறுவப்பட்ட பகோங், ஐந்தடுக்கு மேடையாக எழும் மலைக்கோயில். அங்கோர் வாட்டின் முன்னோடியை இங்கே பார்க்கிறீர்கள்.

ஐந்தாம் நாள்தான் இந்தப் பயணத்தில் எனக்கு மிகவும் பிடித்த நாள். பாந்தே ஸ்ரே கோயில் கிழக்கு நோக்கியது. எனவே காலை 7.30 மணிக்குக் கதவு திறக்கும்போதே அங்கு இருக்க வேண்டும். 967இல் யக்ஞவராகர் என்ற அரசவைப் பெரியவர் எழுப்பிய இந்தக் கோயில் அளவில் சிறியது. ஆனால் இளஞ்சிவப்பு மணற்கல்லில் மரத்தைச் செதுக்குவதுபோல் செதுக்கியிருக்கிறார்கள். உள்ளே நுழையும் கிழக்கு வாயிலின் மேலுள்ள முகப்பில், பல கரங்களோடு சிவன் ஆடுகிறான். நம் நடராசர் திருமேனியில் காணும் முயலகனும் திருவாசியும் இங்கே இல்லை. உங்கள் பார்வையை மெல்லக் கீழே, இடப்புற மூலைக்கு இறக்குங்கள். வற்றிய மார்போடும் எலும்பு தெரியும் உடலோடும் ஒரு பெண் அமர்ந்திருக்கிறாள். அறிஞர்கள் பலர் இவளைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் காண்கிறார்கள். திருவாலங்காட்டில் ஆடுபவனின் அடிக்கீழ் இருக்க வேண்டியவளாக நாம் அறிந்த அம்மை, கடல் கடந்த காட்டில் காலை வெயில் முகத்தில் விழ அமர்ந்திருப்பதைப் பார்த்தபோது, என்னால் சிறிது நேரம் நகர முடியவில்லை. கையோடு ஒரு சிறு தொலைநோக்கியைக் கொண்டு செல்லுங்கள். இந்தக் கோயிலில் அது கேமராவைவிடப் பயன்படும். தென்புற நூலகக் கட்டடத்தில் இராவணன் கயிலையைப் பெயர்க்கும் காட்சியையும் தவறவிடாதீர்கள்.

அங்கிருந்து க்பால் ஸ்பியன் அருகில்தான். 1.5 கிலோமீட்டர் காட்டுப் பாதையில் ஏறினால், ஓடும் ஆற்றின் படுகையிலேயே நூற்றுக்கணக்கான லிங்கங்கள் செதுக்கப்பட்டிருப்பதைக் காணலாம். பிற்பகல் 3 மணிக்குள் அடிவாரத்துக்கு வந்துவிட வேண்டும். முழங்கால் வலி உள்ளவர்கள் இதைத் தவிர்த்து, பாந்தே ஸ்ரேயிலேயே கூடுதல் நேரம் இருப்பது மேல்.

ஆறாம் நாள்: அங்கோர் வாட்

காலை 5 மணிக்கே உள்ளே விடுவார்கள். சூரிய உதயத்தைப் பார்த்ததும் பெருங்கூட்டம் காலை உணவுக்காக விடுதிக்குத் திரும்பிவிடும். நீங்கள் அப்போது உள்ளே செல்லுங்கள். இக்கோயில் மேற்கு நோக்கியது. சுற்றுப் பிராகாரத்தின் சிற்பங்களை நாம் கோயிலை வலம் வருவதற்கு எதிர்த்திசையில், அதாவது நுழைந்ததும் வலப்பக்கம் திரும்பிச் சுவர் இடக்கைப் பக்கம் வருமாறு நடந்தே வாசிக்க வேண்டும். முதலில் குருட்சேத்திரப் போர். அதில் அம்புப் படுக்கையில் கிடக்கும் பீஷ்மரைத் தேடுங்கள். தெற்கில் சூரியவர்மனின் படை அணிவகுப்பு, அதையடுத்து யமனின் தீர்ப்பும் நரகங்களும்.

கிழக்குப் பிராகாரத்தில் 49 மீட்டர் நீளத்துக்குப் பாற்கடல் கடையப்படுகிறது. இங்கே அரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள். எல்லாக் கால்களும் ஒரே சாய்வில் ஊன்றியிருப்பதால், நடந்துகொண்டே பார்த்தால் அந்த வரிசை இழுபடுவது போலவே இருக்கும். மையத்தில் மத்தின் அருகே வந்ததும் குனிந்து அடிப்பகுதியைப் பாருங்கள்: ஓரங்களில் முழுதாக நீந்தும் மீன்கள், மத்தை நெருங்க நெருங்கச் சுழற்சியின் வேகத்தில் துண்டு துண்டாக வெட்டுப்பட்டுச் சிதறிக் கிடக்கின்றன. கதையைக் கேட்டு மட்டும் அந்த மீன்களைச் செதுக்க முடியாது. தொன்லே சாப் ஏரியின் கரையில் மீனோடு வாழ்ந்தவர்களுக்கே அது தோன்றும்.

மேல்தளமான பாகானுக்கு ஏற, செங்குத்தான படிகள். ஒரே நேரத்தில் 100 பேரை மட்டுமே அனுமதிப்பார்கள். பௌத்த விரத நாள்களில், அதாவது மாதத்தில் ஏறத்தாழ நான்கு நாள்கள், அது மூடியிருக்கும். முதல் பயணத்தில் இதை அறியாமல் அப்படியொரு நாளில் சென்று கீழேயே நின்று திரும்பினேன். நிலவு நாள்காட்டியைப் பார்த்து இந்த நாளை முடிவு செய்யுங்கள். வெளியேறும்போது மேற்கு வாயிலில், இன்றும் மக்கள் வழிபடும் எட்டுக் கை விஷ்ணுவான தா ரீச் முன் நில்லுங்கள். காவிப் பட்டு சுற்றி, ஊதுவத்திப் புகையில் நிற்கும் அந்தச் சிலையின் முன் உள்ளூர்ப் பெண்கள் கைகூப்புவதைப் படம் எடுக்காமல் பார்ப்பதே முறை.

ஏழாம், எட்டாம் நாள்கள்

ஏழாம் நாள், கெமர் அரசன் ஏழாம் ஜெயவர்மனின் கோயில்களுக்கு. தாய்க்காக அவன் 1186இல் எழுப்பிய தா புரோம், தந்தைக்காக 1191இல் எழுப்பிய பிரே கான், அதன் பின் பயோன் என்ற வரிசையில் செல்லுங்கள். பயோனில் எல்லோரும் மேலேயுள்ள முகங்களைப் படம் எடுக்கிறார்கள்; வெளிச்சுவரில் அடுப்பில் சோறு பொங்குகிறது, சேவல்கள் சண்டையிடுகின்றன, சந்தையில் பெண்கள் எடை போடுகிறார்கள். அந்தச் சுவரில்தான் 800 ஆண்டுகளுக்கு முந்தைய கெமர் குடிமக்கள் இருக்கிறார்கள். அன்று மாலை ஸ்பெக் தோம் எனும் தோல் நிழற்கூத்து எங்கேனும் நடந்தால் தவறவிடாதீர்கள். ஆளுயரத் தோல் உருவங்களை ஏந்தியபடி கலைஞர்களே ஆடி, ரீம்கேர் எனும் தங்கள் இராமகாதையை நிகழ்த்துவார்கள்.

எட்டாம் நாள் உடல் ஒத்துழைத்தால் கோ கெர். 36 மீட்டர் உயர ஏழடுக்கு மேடையும், அருங்காட்சியகத்தில் பார்த்த சிலைகளின் சொந்த ஊரும் அங்கே. சீட்டு தனி, 15 டாலர். கண்ணிவெடி அபாயம் இருந்த பகுதி என்பதால் நடைபாதையை விட்டு ஒருபோதும் விலகாதீர்கள்.

உணவைப் பற்றி ஒரு குறிப்பு. காய்கறிக் குழம்பிலும் மீன் சாறோ, பிரஹோக் எனும் ஊறவைத்த மீனோ சேர்ந்திருக்கும். சைவ உணவினர் ‘ஞாம் புவஹ்’ என்று சொன்னால், பௌத்த விரத உணவைக் கேட்கிறார்கள் என்று புரிந்துகொள்வார்கள். மீன் சாறு வேண்டாம் என்பதை அதோடு தனியாகவும் சொல்லிவிடுங்கள்.

கடைகளில் ‘பழைய கல் சிலை’ என்று சொல்லி எதைக் காட்டினாலும் வாங்காதீர்கள். க்ரமா எனும் கட்டம் போட்ட பருத்தித் துண்டு, நெய்தவருக்கும் உங்களுக்கும் நல்லது. 2023இல் திறந்த புதிய விமான நிலையம் நகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் இருப்பதால், திரும்பும் காருக்கு முந்தைய இரவே சொல்லி வையுங்கள்.