கார்லாவில் மெய்நிகர் லைடார்: முழு வட்டத்தையும் பெறும் வழி

தானியங்கி வாகனத்தைச் சாலையில் விடுவதற்கு முன் அதன் மென்பொருளைச் சோதிக்க, பார்சிலோனாவின் கணினிப் பார்வை மையத்தில் உருவான கார்லா என்னும், சாலையையும் வாகனங்களையும் கணினியில் பாவனையாக இயக்கும் மென்பொருளையே பரிந்துரைப்பேன். திறந்த மூல மென்பொருளான அதில் கேமரா, லைடார் (லேசர் கதிர்களால் தூரத்தை அளக்கும் உணரி), ரேடார், ஜிஎன்எஸ்எஸ் (செயற்கைக்கோள் வழி இருப்பிடம் அறியும் உணரி) எல்லாம் ஆயத்தமாகவே இருக்கின்றன. கார்லாவை நிறுவி, பைத்தான் வழியாக 2000ஆம் போர்ட்டில் இணைந்து, ஒரு காரையும் இறக்கிவிட்டீர்கள் எனக் கொள்கிறேன்.

முதலில் சிங்க்ரனஸ் முறையை இயக்கி, காலப்படியை 0.05 வினாடியாக நிறுத்துங்கள். இனி நீங்கள் டிக் (அடுத்த படிக்கான கட்டளை) கொடுத்தால்தான் கார்லாவின் உலகம் ஒரு படி நகரும்.

அடுத்து, ரே காஸ்ட் (கதிர் வீசும்) லைடாரைக் காருடன் பிணைத்து, கூரைக்குச் சற்று மேலே, 2.4 மீட்டர் உயரத்தில் வையுங்கள். அது அளக்கும் தொலைவின் இயல்பான எல்லை வெறும் 10 மீட்டர்தான் என்பதால் அதை 50 ஆக்குங்கள்.

இப்போது புள்ளிகளைத் திரையில் பார்த்தால் அரைவட்டம் மட்டுமே தெரியும். அடுத்த படியில் மறுபாதி வரும். உணரி பழுதாகவில்லை. லைடார் இயல்பாக வினாடிக்கு 10 முறை சுழல்கிறது, உலகமோ வினாடிக்கு 20 படி நகர்கிறது; ஆகவே ஒரு படிக்குள் 180 பாகைதான் முடிகிறது. சுழற்சியை 20 ஆக்கினால் வட்டம் நிறைந்துவிடும்.

ஆனால் அத்துடன் நிறுத்திவிடக் கூடாது. வினாடிக்கு 56,000 புள்ளிகள் என்னும் இயல்பு மதிப்பை 20 சுழற்சிக்கும் லைடாரின் இயல்பான 32 கதிர்களுக்கும் பங்கிட்டால், ஒரு கதிருக்குச் சுற்றொன்றுக்கு ஏறத்தாழ 87 புள்ளிகளே கிடைக்கும். 50 மீட்டர் தொலைவில் அடுத்தடுத்த புள்ளிகளுக்கு இடையே மூன்றரை மீட்டர் இடைவெளி விழும். சாலையைக் கடக்கும் மனிதர் அதற்குள் முழுதாக மறைந்துவிடுவார். வினாடிக்கான புள்ளிகளை 5,76,000 என்று கொடுங்கள். இடைவெளி 35 சென்டிமீட்டராகச் சுருங்கும்.

தூர அளவீட்டின் இரைச்சல் (தற்செயலான பிழை) தொடக்கத்தில் பூஜ்யமாக இருக்கும். அந்தத் தூய தரவில் தேறிய மென்பொருளை நம்பி வண்டியை ஓட்டாதீர்கள், 0.02 மீட்டர் திட்டவிலக்கம் (பிழை சிதறும் அளவு) கொண்ட இரைச்சலையாவது சேர்த்து மறுபடியும் சோதியுங்கள். புள்ளிகளைக் காண ஓப்பன்3டி என்னும் முப்பரிமாணத் தரவு நூலகம் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

நிரலை முடிக்கும்போது உணரியை அழித்து, சிங்க்ரனஸ் முறையையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சர்வர் அடுத்த டிக்குக்காகக் காத்து அப்படியே நின்றுவிடும்.

பின்சேர்க்கை: புள்ளிகளை ராஸுக்கு (ரோபோக்களுக்கான மென்பொருள் தளம்) அனுப்பினால் இடமும் வலமும் மாறித் தெரிகின்றன என்று சிலர் கேட்டிருந்தார்கள். கார்லாவில் ஒய் அச்சு வலப்பக்கம் நீள்கிறது, ராஸில் இடப்பக்கம். ஒவ்வொரு புள்ளியின் ஒய் மதிப்பையும் எதிர்க்குறியாக்கி அனுப்புங்கள்.