பழைய மஸ்டாங், கமாரோ, செவெலுக்கு எந்த ரியர் ஆக்சில் பொருந்தும்? அளந்து கண்டுபிடிக்கும் முறை

பழைய அமெரிக்க கார் ஒன்றின் இன்ஜினுக்குத் தெம்பு ஏற்றினால், அடுத்து அடி வாங்குவது ரியர் ஆக்சில்தான், அதாவது பின் சக்கரங்களைச் சுழற்றும் அச்சு. நல்ல வேளையாக 1960, 70களில் அமெரிக்கக் கம்பெனிகள் ஒரே ஆக்சில் வகையைப் பல கார்களில் மாட்டின. அதனால் அங்குள்ள காயலான் கடைகளில் மாற்று ஆக்சில் கிடைக்கிறது. ஆனால் ஹவுசிங் (ஆக்சிலின் இரும்பு வெளிக்கூடு) மேல் சாக்பீஸால் எழுதியிருக்கும் பெயரை நம்பி வாங்காதீர்கள். நான் முதலில் வாங்கிய "12 போல்ட்" (பின் கவரில் 12 போல்ட் உள்ள செவ்ரலே ஆக்சில்) ஒரு பிக்கப் வண்டியுடையது. கவர் போல்ட்டை எண்ணினேன், அகலத்தை அளக்கவில்லை. அதனால்தான் டேப்பிலிருந்து தொடங்குகிறேன்.

படி 1: முதலில் உங்கள் காரை அளங்கள்

காரைச் சமதரையில் ஸ்டாண்டில் நிறுத்தி, பின் சக்கரங்கள் இரண்டையும் கழற்றுங்கள். பிரேக் டிரம் இருக்கட்டும். சக்கரம் போய் உட்காரும் டிரம் முகத்திலிருந்து எதிர்ப்பக்க டிரம் முகம் வரை அளப்பதுதான் ஆக்சிலின் அகலம். டிரம் இல்லாமல் அளந்தால் இரண்டு பக்கமும் டிரம் தகட்டின் கனம் குறையும். வாங்கப்போகும் ஆக்சிலையும் இதே மாதிரி அளக்க வேண்டும்.

ஃபோர்டு மஸ்டாங்கையே பாருங்கள். 1965, 66 மாடலில் 57.25 அங்குலம். 1967 முதல் 70 வரை 59.25. 1971 முதல் 73 வரை 61.25. பெயர் ஒன்றுதான், அளவு மூன்று. 2 அங்குலம் கூடினால் ஒவ்வொரு பக்கமும் சக்கரம் 1 அங்குலம் வெளியே தள்ளி நிற்கும். டயர் மட்கார்டு விளிம்பில் உரசும்.

அடுத்து வீல் போல்ட் வட்டம், அதாவது சக்கரத்தை மாட்டும் போல்ட்டுகளின் நடுப்புள்ளிகள் வழியே போகும் வட்டத்தின் விட்டம். ஐந்து போல்ட் இருந்தால் எதிரெதிரே எதுவும் நிற்காது, நேராக அளக்க முடியாது. ஒரு போல்ட்டின் நடுவில் டேப்பை வைத்து, பக்கத்து போல்ட்டை விட்டு அதற்கடுத்த போல்ட்டின் நடு வரை அளந்து, 1.05ஆல் பெருக்குங்கள். டேப் சுமார் 4.28 காட்டினால் வட்டம் 4.5 அங்குலம், அது வி8 மஸ்டாங்கின் அளவு. டேப் 4.52 காட்டினால் வட்டம் 4.75, அது செவ்ரலே. பெருக்காமல் விட்டால் செவ்ரலே ஆக்சிலை ஃபோர்டு அளவு என்று நினைத்துவிடுவீர்கள். கிறைஸ்லர் கார்களில் பெரும்பாலும் 4.5தான், ஆனால் 1972 வரை வந்த டார்ட், வேலியன்ட் போன்ற சின்ன கார்களில் 4.

கடைசியாக, ஆக்சில் காரோடு எப்படிச் சேர்கிறது என்று பாருங்கள். செவ்ரலேயின் 1967-69 கமாரோவிலும் 1968-74 நோவாவிலும் லீஃப் ஸ்பிரிங் (பட்டை ஸ்பிரிங்). 1964-72 செவ்ரலே செவெல், பான்டியாக் ஜிடிஓ, ஓல்ட்ஸ்மொபைல் கட்லஸ் கார்களில் காயில் ஸ்பிரிங்கும், ஆக்சிலைக் காரோடு இணைக்கும் நான்கு கைகளும். மேல் கைகள் இரண்டும் ஹவுசிங்கின் நடுவிலேயே வார்த்த இரண்டு காதுகளில் மாட்டும். கமாரோ ஹவுசிங்கில் அந்தக் காதுகள் கிடையாது. அகலம் நெருங்கி வந்தாலும் செவெலுக்கு அதை வாங்காதீர்கள்.

படி 2: ஹவுசிங்கின் முகத்தைப் படியுங்கள்

பின்னால் கழற்றும் கவர் இல்லையா? அப்படியானால் டிஃபரன்ஷியல் (இன்ஜின் விசையை இரண்டு சக்கரங்களுக்கும் பிரிக்கும் பல்சக்கரத் தொகுப்பு) முன்பக்கமாக மொத்தமாகக் கழன்று வரும் வகை. ஃபோர்டு 9 அங்குலம் (1957-86), அதன் தம்பி 8 அங்குலம், கிறைஸ்லர் 8.75 மூன்றும் இந்தக் குடும்பம். இந்த அங்குலக் கணக்கெல்லாம் உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம்.

ஃபோர்டு 8ஐயும் 9ஐயும் பிரித்தறிய பாக்ஸ் ஸ்பேனர் போதும். முன்னால் உள்ள நட்டுகளில் அடியில் இருக்கும் இரண்டைப் பாருங்கள். பாக்ஸ் ஸ்பேனர் நேராக நுழைந்தால் 8. வார்ப்பு இடித்து, ரிங் ஸ்பேனரைத்தான் பக்கவாட்டில் நுழைக்க முடிகிறது என்றால் 9. ஆக்சில் சேற்றில் கிடந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடித்துவிடலாம்.

கிறைஸ்லர் 8.75இல் வார்ப்பு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்கள்தான் சேதி: 741, 742 அல்லது 489. பினியன் (கிரவுன் வீலைச் சுழற்றும் சின்னப் பல்சக்கரம்) தண்டின் தடிமன் மூன்றிலும் வேறு. 741இல் கழற்றிய கிரவுன் பினியன் செட் 742இல் ஏறாது.

கவர் இருந்தால் போல்ட்டை எண்ணுங்கள். 12 இருந்தால் செவ்ரலே 12 போல்ட்டாக இருக்கலாம். கார், பிக்கப் இரண்டிலும் கிரவுன் வீல் 8.875தான், ஆனால் பினியன் தண்டு காரில் 1.625 அங்குலம், பிக்கப்பில் 1.438. உள்பாகங்கள் மாறிப் பொருந்தாது. ஓல்ட்ஸ்மொபைலும் 12 போல்ட் கவர் போட்ட ஆக்சில் செய்தது. உள்ளே கிரவுன் வீலில் 10 போல்ட்தான் இருக்கும், அது தனி இனம். கவரில் 10 போல்ட் உள்ள பழைய செவ்ரலே ஆக்சில் என்றால் ஹவுசிங்கின் அடியைப் பாருங்கள். கடிகாரத்தில் 5 மணி, 7 மணி இருக்கும் இடங்களில் இரண்டு புடைப்பு இருந்தால் பலமான 8.5. அடி வழுவழுவென்று இருந்தால் 8.2.

படி 3: கம்பி பிரஷ்ஷும் டார்ச்சும்

செவ்ரலேயில் ஆக்சிலை அடையாளம் காட்டும் எழுத்து முத்திரை, வலது பக்கக் குழாயின் முன்புறம், நடு ஹவுசிங்கைத் தாண்டிச் சில அங்குலத்தில் இருக்கும். கிரீஸைத் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் மெதுவாகத் தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடியுங்கள். நேராக வெளிச்சம் அடித்தால் எழுத்து தெரியாது. சாய்த்தால் நிழல் விழுந்து எழுந்து வரும். நடு வார்ப்பில் தேதியும் இருக்கும்: C 14 9 என்றால் மூன்றாம் மாதம், 14ஆம் தேதி, 9இல் முடியும் வருஷம்.

ஃபோர்டில் போல்ட்டோடு சின்னத் தகடு தொங்கும். 3 50 என்றால் விகிதம் 3.50, அதாவது சக்கரம் ஒரு சுற்று சுற்ற பினியன் 3.50 சுற்று சுற்றும். 3L50 என்றால் அதே விகிதம், லிமிடெட் ஸ்லிப்போடு (ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றாமல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்).

படி 4: விகிதத்தைக் கையால் சோதியுங்கள்

தகட்டை நம்பி நின்றுவிடாதீர்கள். உள்ளே யாராவது மாற்றியிருக்கலாம். ஆக்சிலைக் கட்டையில் தூக்கி வைத்து ஒரு டிரம்மைச் சுற்றுங்கள். மறுபக்கம் எதிர்த்திசையில் சுற்றினால் சாதாரண டிஃபரன்ஷியல். ஒரே திசையில் சுற்றினால் லிமிடெட் ஸ்லிப். முதல் வகையில் ஒரு டிரம்மைப் பிடித்துக்கொண்டு மற்றதை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். இரண்டாவதில் இரண்டையும் சேர்த்து ஒரே சுற்று. பினியன் எத்தனை சுற்று சுற்றியதோ அதுதான் விகிதம். கவரைத் திறக்க விட்டால் பல்லையே எண்ணலாம்: 41ஐ 11ஆல் வகுத்தால் 3.73.

படி 5: ஓர் உதாரணம், எக்ஸ்ப்ளோரர் ஆக்சில்

பழைய மஸ்டாங்குக்கு எனக்கு மிகவும் பிடித்தது 1995-2001 ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரின் 8.8. சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்டில் 31 பல், டிஸ்க் பிரேக், போல்ட் வட்டமும் 4.5. அகலம் சுமார் 59.5. 1967-70 மஸ்டாங்குக்குக் கால் அங்குலம்தான் வித்தியாசம்.

இதில் பினியன் நடுவில் இல்லை, வலப்பக்கம் ஒதுங்கியிருக்கும். இடது குழாய் வலதைவிடக் கிட்டத்தட்ட 3 அங்குலம் கூடுதல் நீளம். அதை அந்த அளவு வெட்டி, வலப்பக்க ஷாஃப்டையே இரண்டு பக்கமும் போட்டால் பினியன் நடுவுக்கு வந்துவிடும், அகலம் 56.6 வாக்கில் இறங்கி 1965-66 காருக்கு நெருங்கும். வெட்டும் வேலையை, ஜிக் வைத்து நேராகப் பிடித்து வெல்டு செய்பவரிடம் மட்டும் கொடுங்கள்.

ஸ்பிரிங் உட்காரும் பழைய மேடைகளை வெட்டிவிட்டு, உங்கள் ஸ்பிரிங்கின் இடைவெளிக்குப் புதிதாக வைக்க வேண்டும். உடனே முழுவதும் வெல்டு அடிக்காதீர்கள். முதலில் ஆக்சிலைத் தளர்வாக மாட்டி, காரின் எடை முழுவதும் சக்கரத்தில் இறங்கி நிற்கும்போது பினியன் கோணத்தைச் சரி செய்து, இரண்டு புள்ளி மட்டும் டாக் (தற்காலிகச் சின்ன வெல்டு) அடித்து, அப்புறம் கழற்றி முழு வெல்டு போடுங்கள்.