டியூப்லெஸ் டயர்: கோளாறு சீலண்டில் இல்லை, டேப்பில் இருக்கிறது

மலைப்பாதை சைக்கிளில் டியூபைக் கழற்றிவிட்டு டியூப்லெஸுக்கு மாறுகிறவர்களில் பலர், கொஞ்ச நாளிலேயே சலித்துப்போய்ப் பழைய டியூபுக்கே திரும்பிவிடுகிறார்கள். இரவு காற்றடித்து வைத்தால் காலையில் டயர் தரையோடு ஒட்டிக் கிடக்கிறது என்பதுதான் வழக்கமான புகார். பழி, டயருக்குள் ஊற்றும் சீலண்ட் என்ற அடைப்புத் திரவத்தின் மீது விழுகிறது. வேறு சீலண்ட் வாங்குகிறார்கள், கூடுதலாக ஊற்றிப் பார்க்கிறார்கள், காசு கரைகிறது. பெரும்பாலும் தவறு அந்தத் திரவத்தை ஊற்றுவதற்கு முன்பே நடந்து முடிந்திருக்கும். முள் குத்திய சிறு துளையை அடைப்பதுதான் சீலண்டின் வேலை. ரிம்மில் நாம் விட்டுவைத்த ஓட்டைகளை அடைப்பது அல்ல.

எல்லா ரிம்மும் இதற்கு ஆகாது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். டியூப்லெஸ் ரிம்மின் உட்புறத்தில் நடுவே ஒரு பள்ளம் இருக்கும். அதன் இருபுறமும் டயரின் விளிம்பு உட்காருவதற்கான மேடை இருக்கும். பல ரிம்களில் மேடையின் உள்ளோரத்தில் மெல்லிய வரப்பு ஒன்று ஓடும். உட்கார்ந்த விளிம்பு பள்ளத்துக்குள் நழுவாமல் தடுப்பது அதுதான். டயரும் டியூப்லெஸுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். சாதாரண டயரின் விளிம்பு ரிம்மை இறுகப் பிடிக்காது, பக்கச்சுவரும் காற்றைக் கசியவிடும். சாதாரண ரிம்மில் சாதாரண டயரை மாட்டி, மிச்சத்தை சீலண்ட் பார்த்துக்கொள்ளும் என்று மலையில் இறங்குவது ஆபத்தான சிக்கனம். வேகமான வளைவில் டயர் ரிம்மை விட்டு விலகினால் ஓட்டுபவர் பாறை மேல்தான் விழுவார்.

இனி டேப். பிரான்சின் மாவிக் நிறுவனம் 1999-இல் மிஷலின், ஹட்சின்சன் நிறுவனங்களோடு சேர்ந்து கொண்டுவந்த யூஎஸ்டி என்ற டியூப்லெஸ் முறையில், ரிம்மின் உட்புறத்தில் ஸ்போக் துளைகளே இல்லை. அதனால் டேப் தேவைப்படவில்லை. இன்றைக்கு நாம் வாங்கும் ரிம்களில் பெரும்பாலானவற்றில் துளைகள் உண்டு. அவற்றை மூடும் பொறுப்பு முழுவதும் ஒரு மெல்லிய டேப்பின் மேல் நிற்கிறது. அந்த டேப்பைத்தான் நம் ஆட்கள் ஐந்து நிமிடத்தில் சுற்றி முடிக்கப் பார்க்கிறார்கள்.

முதல் பிழை அகலம். ரிம்மின் உள் அகலம் 30 மி.மீ. என்றால் 32 முதல் 35 மி.மீ. வரை அகலமுள்ள டேப் வேண்டும். பள்ளத்தில் இறங்கி ஏறி, இருபுற மேடைகளையும் மூடிப் பக்கச்சுவரைத் தொட்டு நிற்க அந்தக் கூடுதல் அகலம் தேவை. குறுகலான டேப்பின் ஓரத்தை, டயர் விளிம்பு உட்காரும்போதே உரசித் தூக்கிவிடும். இரண்டாவது பிழை அழுக்கு. பழைய பசை, எண்ணெய்ப்பிசுக்கு, பழைய சீலண்டின் தோல், இவற்றில் எது மிஞ்சியிருந்தாலும் டேப் ஒட்டாது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த துணியால், துணி அழுக்காவது நிற்கும்வரை துடைக்க வேண்டும். பெட்ரோலும் மண்ணெண்ணெயும் வேண்டாம். அவை எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்லக்கூடியவை. மூன்றாவது பிழை, மின்சார வேலைக்கான இன்சுலேஷன் டேப்பையோ பார்சல் ஒட்டும் டேப்பையோ பயன்படுத்துவது. ஒன்று ஸ்போக் துளைகளின் மேல் காற்றழுத்தத்தில் உப்பிக் கிழியும், மற்றொன்றின் பசை ஈரத்தில் இளகிவிடும்.

சுற்றும்போது டேப்பை நன்றாக இழுத்துப் பிடித்து, கட்டைவிரலால் பள்ளத்துக்குள் அழுத்திக்கொண்டே போக வேண்டும். முடிவில் பத்து சென்டிமீட்டராவது ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கட்டும். பிறகு வெளிச்சத்தில் பாருங்கள்: டேப்புக்கு அடியில் வெண்மையான கோடுகளோ குமிழிகளோ தெரிந்தால் அங்கே ஒட்டவில்லை என்று பொருள். மெனக்கெட்டு விரலால் ஓரம்வரை தள்ளி அவற்றை வெளியேற்றுங்கள். வால்வு துளைக்காக பிளேடால் பெருக்கல் குறி போட்டுக் கிழிக்கும் வழக்கம் பரவலாக இருக்கிறது; அந்தக் கீறல் நாளடைவில் நீண்டு வால்வின் அடி ரப்பரைத் தாண்டிப் போய்விடும். கூர்முனைக் கம்பியால் சிறு வட்டத்துளை இட்டு, வால்வை அதன் வழியே இறுக்கமாகத் தள்ளுவதே நல்லது.

டேப் கசிகிறதா என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? சோப்புத் தண்ணீர் தடவினால் வால்வு நட்டைச் சுற்றியோ, ஸ்போக்கை ரிம்மோடு பூட்டும் நிப்பிளிலோ குமிழி வரும். குமிழி வரும் இடத்தில்தான் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். டேப்பின் ஏதோ ஓர் இடத்தில் நுழைந்த காற்று ரிம்மின் உட்கூட்டில் சுற்றி, கிடைத்த வழியில் வெளியேறுகிறது. வால்வு நட்டை மட்டும் இறுக்குவதால் பயனில்லை. டேப்பை உரித்துப் புதிதாக ஒட்டுங்கள். நிப்பிளிலிருந்து சீலண்டே வடிகிறது என்றால் தாமதிக்கவே கூடாது, அலுமினிய நிப்பிள்கள் அரித்துப்போகும்.

வால்வின் அடி ரப்பர் உங்கள் ரிம்மின் பள்ளத்துக்குப் பொருந்துகிறதா என்று மாட்டும் முன் பாருங்கள். நட்டைக் கையால் மட்டும் இறுக்குங்கள். பிளையர் போட்டு முறுக்கிய நட்டைக் காட்டுப்பாதையில் வெறும் கையால் கழற்ற முடியாது.

டயர் மாட்டும்போது படும் பாட்டுக்குக் காரணம் பெரும்பாலும் வரிசைப் பிழை. வால்வுக்கு எதிர்ப்புறத்தில் தொடங்கி வால்வு அருகே முடிக்க வேண்டும். வால்வு இருக்கும் இடத்தில் விளிம்பு பள்ளத்துக்குள் இறங்காது. மற்ற எல்லா இடத்திலும் அதைப் பள்ளத்துக்குள் தள்ளினால் கடைசிப் பகுதி ஏறத் தேவையான தளர்ச்சி கிடைத்துவிடும். அப்படிச் செய்தால் டயரை நெம்பும் லீவரே தேவைப்படாமல் போகலாம். லீவரின் முனை டேப்பைக் கீறினால் அவ்வளவு உழைப்பும் வீண்.

காற்றடிக்கும் முன் வால்வின் உட்கருவை, அதாவது காற்றைத் திரும்பவிடாமல் தடுக்கும் உள்பாகத்தை, கழற்றுங்கள். காற்று தடையின்றி வேகமாகப் பாயும். டயர் விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவினால் "டப், டப்" என்று விளிம்பு மேடையேறும் சத்தம் கேட்கும். ஏற மறுக்கிறது என்பதற்காக அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகக் கூடாது. ரிம்மிலும் டயரிலும் குறித்திருக்கும் உச்ச அளவுகளில் எது குறைவோ அதுதான் எல்லை. பஞ்சர் கடைக் கம்ப்ரசரில் கணக்குத் தெரியாமல் அடித்து, டயர் ரிம்மைவிட்டு வெடித்துக் கழன்றால் கையும் கண்ணும் பறிபோகலாம். காற்றை இறக்கி, மீண்டும் சோப்பு தடவி முயலுங்கள்.

விளிம்பு ஏறியதும் உட்கருவைத் திரும்பப் பொருத்தி, சீலண்ட் இல்லாமலே ஒருமுறை காற்றடித்துப் பார்க்கும்படி நான் வற்புறுத்துவேன். சில மணி நேரம் ஓரளவு நின்றால் டேப் நன்றாக இருக்கிறது என்று நம்பலாம். பிறகு காற்றை மெல்ல இறக்கி, விளிம்பு மேடையிலேயே இருக்கும் நிலையில், உட்கருவை மீண்டும் கழற்றி, வால்வு வழியாக ஊசியில்லாத சிரிஞ்சால் சீலண்டைச் செலுத்துங்கள். 29 அங்குலச் சக்கரத்தில் 2.4 அங்குல டயருக்கு ஏறத்தாழ 100 மி.லி. வேண்டும். புட்டியைக் குலுக்காமல் ஊற்றினால் துளையை அடைக்கும் துகள்கள் புட்டியின் அடியிலேயே தங்கிவிடும். ஊற்றியபின் சக்கரத்தைச் சுழற்றி, இருபுறமும் படுக்கப்போட்டு, உடனே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள்.

லேடெக்ஸ் சீலண்ட் உலரும். இரண்டு முதல் ஆறு மாதம் என்பது பொதுவான கணக்கு. வெயில் அதிகமான ஊர்களில் குறைந்த அளவையே எடுத்துக்கொள்ளுங்கள். சக்கரத்தைக் கழற்றி ஆட்டினால் உள்ளே சளசளவென்ற ஓசை வர வேண்டும். கார்பன் டையாக்சைடு சிலிண்டரால் காற்றடித்தால் பல லேடெக்ஸ் சீலண்டுகள் திரிந்து கட்டியாகிவிடும், கை பம்பே பாதுகாப்பு.

அழுத்தத்தைக் குறைப்பதற்காகத்தான் டியூப்லெஸ். ஆனால் அளவு தெரியாமல் குறைத்தால் ரிம் பாறையில் மோதி நெளியும், நெளிந்த இடத்தில் காற்று நிற்காது. 70 கிலோ எடையுள்ளவர் 2.4 அங்குல டயரில் முன்பக்கம் 20, பின்பக்கம் 23 பிஎஸ்ஐ என்று தொடங்கி, பாதைக்கேற்பக் கூட்டிக் குறைத்துப் பார்க்கலாம்.

உதிரி டியூபும் பம்பும் பையில் எப்போதும் இருக்கட்டும். பக்கச்சுவர் கிழிந்தால் எந்தச் சீலண்டும் தாங்காது. வழியில் டியூப் போட நேர்ந்தால், வால்வைக் கழற்றியபின் டயரின் உட்புறத்தைக் கவனமாகத் தடவிப் பாருங்கள். சீலண்ட் அடைத்துவைத்திருந்த சீமைக்கருவேல முட்கள் உள்ளே நுனி நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றை ஒன்று விடாமல் பிடுங்கிய பிறகுதான் டியூபை நுழைக்க வேண்டும்.