வெளிநாட்டில் வீடு வாங்கும்போது விலைக்கு மேல் ஆகும் செலவுகள்

வெளிநாட்டில் வீடு வாங்க நினைப்பவர், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே, அந்நாட்டு அரசு வெளிநாட்டவரிடம் தனி வரி வசூலிக்கிறதா என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் 2023 ஏப்ரல் முதல் பெரும்பாலான வெளிநாட்டவர் வீட்டு விலையில் 60 சதவீதத்தைக் கூடுதல் முத்திரைத் தீர்வையாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. 10 லட்சம் டாலர் வீட்டுக்கு இந்த ஒரு வரியே 6 லட்சம் டாலர் ஆகிவிடும். துபாயில் பெயர் மாற்றக் கட்டணம் 4 சதவீதம்.

தரகு, பதிவுக் கட்டணம், ஆவண மொழிபெயர்ப்பு ஆகியவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வழக்கறிஞர் கட்டணத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். விற்பவர் பரிந்துரைப்பவரைத் தவிர்த்து, உங்களுக்காக மட்டுமே வேலை செய்பவரை அமர்த்துவதே பாதுகாப்பு.

பணம் அனுப்பும்போது வங்கி தரும் மாற்று விகிதம் பொதுவாகச் சந்தை விகிதத்தைவிட உங்களுக்குப் பாதகமாகவே இருக்கும் என்பதால், உங்கள் கணக்கிலிருந்து மொத்தம் எவ்வளவு கழியும் என்பதையே கேட்டு, இரண்டு மூன்று இடங்களில் ஒப்பிடுங்கள். ஆண்டுதோறும் வரும் சொத்து வரி, பராமரிப்புக் கட்டணம் ஆகியவற்றையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுங்கள்.