சிறப்புப் பள்ளியில் பருவ நிறைவு விழா: மலையில் நடத்துபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, ஏப்ரலில் முழு ஆண்டு. ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், கொடைக்கானல் என்று எந்த மலையூரானாலும், பருவம் முடிகிற வாரத்தில் சிறப்புப் பள்ளியில் ஒரு நிகழ்ச்சி இருக்கும். ஆட்டம், ஓட்டப் பந்தயம், கைவேலைக் கண்காட்சி, பரிசளிப்பு. எல்லாரும் நல்ல மனதோடுதான் உழைக்கிறார்கள். ஆனாலும் அதே தவறுகள் பருவத்துக்குப் பருவம் திரும்பி வருகின்றன. பெரும்பாலானவற்றுக்கு வேர் ஒன்றுதான்: பிள்ளை கற்றது ஒரு பக்கம், விழா இன்னொரு பக்கம் என்று பிரித்துவிடுவது.

ஒத்திகைக்காகப் பயிற்சியை நிறுத்துவது

இதுதான் எல்லாவற்றிலும் பெரிய இழப்பு. கடைசி நான்கு வாரம் பிசியோ நேரமும் பேச்சுப் பயிற்சி நேரமும் ஒத்திகைக்குப் போய்விடும். சட்டைப் பொத்தானைத் தானே போடத் தொடங்கிய பிள்ளைக்கு, நேரமில்லை என்று ஆயாவே உடை மாட்டிவிடுவார். நான்கு வாரம் யாரோ போட்டுவிட்டால், புதிதாக வந்த அந்தத் திறன் நழுவிப் போகும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் எட்ட வேண்டிய இலக்குகளைக் குறித்துவைக்கும் தனிநபர் கல்வித் திட்டத்தை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, அதிலிருந்து நிகழ்ச்சியை உருவாக்க வேண்டும். இரண்டு படி கொண்ட கட்டளையைப் பின்பற்றுவது இலக்கு என்றால், அந்தப் பிள்ளை தட்டிலிருந்து பூவை எடுத்து விருந்தினரிடம் கொடுக்கட்டும். பிடிமானத்தோடு மூன்று நிமிடம் நிற்பது இலக்கு என்றால், வாக்கரைப் பிடித்து நின்றபடி ஒரு பாட்டு முழுக்க மணி அடிக்கட்டும். பேச்சு வராத பிள்ளைக்குக் குரல் பதிவு செய்த பொத்தான் ஒன்றைக் கொடுத்தால், 'அடுத்து வருவது...' என்று அறிவிப்பாளராகவே இருக்கலாம். இப்படிச் செய்தால் ஒத்திகையே பயிற்சியாகிவிடும், தனி நேரம் வேண்டாம்.

ஆறு வாரத்துக்கு முன் தொடங்குங்கள். நாளுக்கு 15 நிமிடம், அதே பாட்டு, அதே வேளை. கடைசி இரண்டு வாரம் விழா நடக்கும் அதே கூடத்தில். உடையைப் பத்து நாளுக்கு முன்பே காட்டி, முதல் நாள் ஐந்து நிமிடம் மட்டும் சட்டைக்கு மேலேயே போட்டுப் பார்க்க வேண்டும். கழுத்துப் பட்டியில் உறுத்தும் துணிச்சீட்டு, ஜிகினா, தலைக் கிரீடம், முகப்பூச்சு ஆகிய நான்கும்தான் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளை மேடைக்கு வருமுன்பே அழவைக்கும். அன்றைய நாளின் வரிசையை ஆறு முதல் எட்டுப் புகைப்பட அட்டைகளாகச் செய்து தினமும் காட்டுங்கள்: வேன், கூடம், உடை, ஆட்டம், சாப்பாடு, வீடு. விழாவுக்கு முந்தைய நாள் மாலையில் பாட்டை மாற்றுவது, நன்றாக ஆடுகிறவரை முன்வரிசைக்கு நகர்த்துவது இரண்டும் கூடவே கூடாது.

ஆட்டத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் சினிமாப் பாட்டுக்கு வேகமான அடிகள் என்ற பழக்கத்தை விடலாம். வட்டமாக, நிதானமான அடிகளோடு நகரும் படுகர் ஆட்டம் நீலகிரி மண்ணிலேயே இருக்கிறது. வட்டத்தில் முன், பின் கிடையாது. சக்கர நாற்காலியும் அதே வட்டத்தில் சேர்ந்து நகரும். ஓர் அடி தப்பினாலும் தெரியாது. ஒருவர் மேல் ஒருவர் ஏறும் பிரமிடு, குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது எதுவும் வேண்டாம். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிலருக்குக் கழுத்தின் முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையேயான பிணைப்பு தளர்வாக இருக்கும். கழுத்தில் ஓர் அழுத்தம் விழுந்தால் தண்டுவடமே நசுங்கலாம்.

குளிரை மறப்பது இன்னொன்று. டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் உறைபனி விழும். மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளின் தசைகள் குளிரில் மேலும் இறுகும். மெல்லிய பட்டு உடையில் வரிசையில் அரைமணி நேரம் காத்திருந்த கால், மேடையில் மடங்காது. உடைக்கு உள்ளே தெர்மல், காலுக்கு வழுக்காத காலுறை, ஏறுவதற்கு முன் 20 நிமிடம் பிசியோவின் நீட்டல் பயிற்சி. இவை இருந்தால் ஒத்திகையில் வந்த அசைவு மேடையிலும் வரும்.

எல்லாருக்கும் ஒரே சான்றிதழ்

ஒருவருக்கு மட்டும் 'சிறந்த மாணவர்' என்று கொடுப்பது தவறு. அதைத் தவிர்ப்பதாக நினைத்து எல்லாருக்கும் 'பங்கேற்றமைக்காக' என்று ஒரே வாசகத்தை அச்சடிப்பதும் தவறுதான். அந்தத் தாளைப் பார்த்து, தன் பிள்ளை ஆறு மாதத்தில் என்ன கற்றது என்று எந்தத் தாயாலும் சொல்ல முடியாது.

சான்றிதழில் மூன்று விஷயம் இருக்க வேண்டும்: என்ன செய்கிறார், எவ்வளவு உதவியோடு, எங்கே. கையைப் பிடித்துச் செய்யவைப்பது, செய்து காட்டுவது, சைகை, வாயால் சொல்வது, தானாகச் செய்வது என்று உதவிக்குப் படிகள் உண்டு. 'ஜூனில் கையைப் பிடித்து ஊட்டினோம். டிசம்பரில், சொன்னால் போதும், கரண்டியால் தானே சாப்பிடுகிறார், பள்ளியிலும் வீட்டிலும்' என்பது ஒரு சாதனையின் முழு வரலாறு. இதற்குத் தனி வேலை எதுவும் தேவையில்லை. சென்னையில் உருவான எம்.டி.பி.எஸ். (Madras Developmental Programming System) என்ற மதிப்பீட்டு முறையில் 18 பிரிவு, பிரிவுக்கு 20 என 360 திறன்கள் இருக்கின்றன. பருவத் தொடக்கத்தில் குறித்ததையும் இப்போது குறிப்பதையும் பக்கத்தில் வைத்தால் சான்றிதழின் வாசகம் தானே கிடைத்துவிடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஜூன், டிசம்பர் திறன்களை ஒப்பிடும் கோட்டு வரைபடங்களைச் சுவரில் மாட்டிக் காட்டும் வழக்கம் சில இடங்களில் வந்திருக்கிறது. தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுச்சென் தசைச்சிதைவு உள்ள பையனின் கோடு கீழேதான் இறங்கும். அது அவன் முயற்சியின் குறை இல்லை. நடந்தவன் சக்கர நாற்காலியைத் தானே ஓட்டக் கற்றிருந்தால் அதுவே அவன் பருவத்தின் சாதனை. அதைத்தான் எழுத வேண்டும். நகராத திறன்களைப் பெற்றோரிடம் தனியே உட்கார்ந்து பேசுங்கள், சுவரிலும் மேடையிலும் வேண்டாம்.

பெற்றோருக்குப் புரியும் மொழியும் முக்கியம். வீட்டில் படுகு, பணியர் மொழி, மலையாளம், கன்னடம் பேசுகிறவர்கள் இங்கே நிறைய. தமிழ் எழுத்து படிக்கத் தெரியாதவர்களும் உண்டு. சான்றிதழைக் கையில் கொடுப்பதோடு, அந்த மொழி தெரிந்த ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று வாசகத்தைச் சொல்லிவிடட்டும். முடிந்தால் சான்றிதழைப் பெறுமுன் பிள்ளை அந்தத் திறனை மேடையிலேயே ஒருமுறை செய்து காட்டலாம். பொத்தான் போடுவதைப் பார்க்கிற அப்பாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படாது.

நாளும் நேரமும்

மாலை ஐந்து மணிக்கு விழா வைப்பது சமவெளிப் பழக்கம். மலையில் மதியத்துக்குப் பிறகு மேகம் இறங்கினால் எதிரே வரும் வண்டி தெரியாது. கொடைக்கானலுக்கு அப்பால் பூம்பாறை, மன்னவனூர் போன்ற மேல்மலை ஊர்களுக்குப் பேருந்தும் எப்போதாவதுதான். காலை 10.30க்குத் தொடங்கி 12.30க்குள் முடியுங்கள். நிகழ்ச்சி மட்டும் 75 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், ஓர் உருப்படி மூன்று நிமிடம். வேலை நாளில் வைத்தால் தேயிலை பறிக்கப் போகிற அம்மாவுக்கு அன்றைய கூலி போகும். எந்த நாள் தோது என்று ஒரு மாதம் முன்பே வீட்டுக்குச் சீட்டு அனுப்பிக் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். ஏப்ரல் கடைசி, மே என்றால் சீசன் நெரிசல் வேறு. 2024 மே முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்திருப்பதால், கோவையிலிருந்தோ மதுரையிலிருந்தோ வருகிற விருந்தினருக்கு முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

மேடை, ஒலி, ஒளி

மேடையே இல்லாமல் சமதளத்தில் நடத்தி, பார்வையாளர்களைச் சுற்றி உட்காரவைப்பதுதான் எங்கள் பரிந்துரை. மேடை வேண்டுமென்றால் சாய்தளத்தின் கணக்கு 1:12. மேடை 60 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 7.2 மீட்டர் நீளம். மூன்று மீட்டரில் பலகையைச் சாய்த்து நான்கு பேர் தூக்கி ஏற்றுவது சாய்தளம் ஆகாது. அகலம் 120 செ.மீ. இருக்கட்டும், இரு ஓரத்திலும் சக்கரம் நழுவாதபடி கட்டை அடியுங்கள். பனி படிந்த ஒட்டுப்பலகை கண்ணாடிபோல் வழுக்கும். அதன்மேல் விரிக்கும் கம்பளத்தின் ஓரங்களை ஆணி அடித்து இறுக்காவிட்டால் முன்சக்கரம் மடிப்பில் சிக்கும்.

மைக் செட்காரரிடம் இரண்டு விஷயம் சொல்லுங்கள்: ஒலிபெருக்கியைப் பிள்ளைகள் காத்திருக்கும் பக்கம் திருப்பக் கூடாது, 'கீ' என்று கத்தும் மைக்கை விழாவுக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். காது மெஷின் போட்ட பிள்ளைக்கு அந்தக் கத்தல் தாங்காது. பலூன் கட்டாதீர்கள். வெடிக்கும் சத்தம் ஒரு காரணம்; முதுகுத்தண்டுப் பிளவு உள்ள பிள்ளைகளுக்கு ரப்பர் பால் ஒவ்வாமை அதிகம் என்பது இன்னொன்று. கூடத்துக்குப் பக்கத்தில் பாய், தலையணை, மங்கலான வெளிச்சத்தோடு ஓர் அமைதி அறை ஒதுக்கி, அங்கே போய்வரப் பிள்ளைகளை முன்பே பழக்கியிருக்க வேண்டும்.

மினுக்கும் விளக்குகள் வேண்டவே வேண்டாம். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் மின்னும் ஒளி சிலருக்கு வலிப்பைத் தூண்டும். ஆனால் விழா நாளில் வலிப்பு வருவதற்கு அதைவிடச் சாதாரணமான காரணங்கள் உண்டு: அவசரத்தில் தவறிய காலை மாத்திரை, தூங்காத இரவு, சாப்பிடாத வயிறு. வேனில் ஏறும்போதே 'மாத்திரை போட்டாச்சா' என்று கேட்டுக் குறிக்க ஒருவரை நியமியுங்கள். வலிப்பு வந்தால் மணியைப் பாருங்கள், ஒருக்களித்துப் படுக்கவையுங்கள், தலைக்கடியில் ஸ்வெட்டரை வையுங்கள். வாயில் எதுவும் திணிக்கக் கூடாது. கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் பயனே இல்லை. ஐந்து நிமிடம் தாண்டினால் 108. மலைப்பாதையில் ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்பதால், மருத்துவர் எழுதிக்கொடுத்த மூக்கு ஸ்பிரே உள்ள பிள்ளைகளின் மருந்து, பூட்டிய அலுவலக அறையில் இல்லாமல் கூடத்திலேயே இருக்க வேண்டும்.

ஓட்டப் பந்தயம்

பத்து வயதுக்காரர்கள் எல்லாரையும் ஒரே கோட்டில் நிறுத்தினால், யார் ஜெயிப்பார் என்று விசில் அடிக்குமுன்பே தெரியும். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கான ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் போட்டிகளின் முறை எளிது. முதலில் ஒருமுறை ஓடவைத்து நேரம் குறித்து, வயது, பால், திறன் பார்த்து மூன்று முதல் எட்டுப் பேர் கொண்ட குழுவாகப் பிரிப்பார்கள். குழுவுக்குள் நேர வித்தியாசம் சுமார் 15 சதவீதத்துக்குள் இருந்தால் போட்டி நிஜமாகும்: 25 மீட்டர் நடையில் முதலாமவர் 20 நொடி என்றால் கடைசியானவர் 23. நான்காம் இடம் முதல் எட்டாம் இடம் வரை ரிப்பனும் உண்டு.

காலைப் பனி ஈரம் காயுமுன் புல்லில் ஓடவிட்டால் காலிபரும் (காலைத் தாங்கும் கருவி) ஊன்றுகோலும் சறுக்கும். மைதானம் பக்கவாட்டில் சற்றுச் சரிந்திருந்தாலே சக்கர நாற்காலி கோட்டை விட்டு விலகும். பள்ளிக்கூடத் தாழ்வாரமே அதற்கு நல்ல பாதை. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குப் பிறவி இதயக் கோளாறு இருப்பதால், மருத்துவரின் எழுத்து இல்லாமல் ஓட்டத்தில் சேர்க்க வேண்டாம்.

விழாவோடு சுற்றுலாவும் என்றால், குன்னூர் சிம்ஸ் பூங்காவின் சரிவும் படிகளும் சக்கர நாற்காலிக்குக் கடினம். கொடைக்கானல் ஏரியைச் சுற்றிய ஐந்து கிலோமீட்டர் பாதை பெரும்பாலும் சமதளம்.

சாப்பாடு, விருந்தினர், படம்

வர்க்கி, முறுக்கு, மிக்சர், பருப்பு வைத்த சாக்லேட் இவை மலை விருந்தோம்பல்தான். ஆனால் விழுங்குவதில் சிரமம் உள்ள பிள்ளைக்கு, வாயில் உதிர்ந்து சிதறுவதெல்லாம் மூச்சுக்குழாய்க்குள் போகும். குழைந்த பொங்கல், மசித்த வாழைப்பழம், கெட்டியான கஞ்சி கொடுங்கள். வலிப்புக்காக, மாவுச்சத்தும் சர்க்கரையும் மிகக் குறைந்த கீட்டோ உணவில் இருக்கும் பிள்ளைக்கு விருந்தினர் நீட்டும் ஒரே ஒரு சாக்லேட்கூடக் கட்டுப்பாட்டைக் குலைத்துவிடும். பெயர்ப்பட்டையில் சிவப்புப் புள்ளி வைத்து, அதன் பொருளை விருந்தினருக்குச் சொல்லிவிடுங்கள்.

விருந்தினர் பேச்சு மூன்று நிமிடம். 'பாவம்', 'கடவுளின் குழந்தைகள்' போன்ற சொற்கள் வேண்டாம் என்று அழைப்பிதழ் கொடுக்கும்போதே பணிவாகச் சொல்லலாம். ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் பேசுவதற்கு அதுவே போதும். பெற்றோரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் இல்லாத பிள்ளையின் படம் பள்ளியின் வாட்ஸ்அப் குழுவுக்குக்கூடப் போகக் கூடாது.

விழா முடிந்த மறுநாள்

அலங்காரத்தைக் கழற்றியதோடு பள்ளியை மூடிவிடுவது கடைசித் தவறு. கோடை விடுமுறையில் பழக்கம் விட்டுப்போகும் திறன்களைத் திரும்பக் கொண்டுவர ஜூன் முழுவதும் போய்விடும். பையில் ஒரே ஒரு தாள் வையுங்கள்: வீட்டில் தினமும் செய்ய மூன்று வேலைகள், ஒவ்வொன்றும் பத்து நிமிடம், படத்தோடு. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லைன் வீட்டில் இருக்கும் பொருள்களையே பயன்படுத்தும் வேலைகளாக இருக்கட்டும்: டம்ளர் அடுக்குவது, பட்டாணி உரிப்பது, துணி மடிப்பது. காலிபரின் வார், சக்கர நாற்காலியின் பிரேக் இரண்டையும் பார்த்து அனுப்புங்கள். காது மெஷினுக்கு மாற்று பேட்டரியும், இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் கூடவே போக வேண்டும். மழையும் பனியும் மாறி மாறி வரும் இந்த ஊர்களில், இரவில் அதற்குள் வைக்காத மெஷின் பள்ளி திறக்குமுன்பே ஈரம் கோத்து நின்றுவிடும்.